பூட்டிய கேட்டுக்குள் பச்சை

பிப்ரவரி 9
ஈயப் படம் வெளியாகிவிட்டது. நகரத்து மண்ணில் எங்கெங்கே ஈயம் ஏறியிருக்கிறது என்று சிவப்பு, மஞ்சள், பச்சை. மாதிரி எடுக்காத இடங்களைச் சுற்றுப்பக்கத்து அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புவது என் வேலை. எந்த நிரப்பலை எவ்வளவு நம்பலாம் என்று இன்னொரு படமும் போட்டிருந்தேன். எங்கள் துறைத் தலைவர் அதை எடுத்துவிட்டார். "ரெண்டு படம் போட்டா ஜனங்க குழம்பிடுவாங்கம்மா." தலையாட்டினேன். மறுத்துப் பேசச் சோம்பல்.

பிப்ரவரி 17
அக்காவின் குழந்தைகள் காப்பகத்துக்கு ஒருவழியாகப் பெரிய இடம் கிடைத்துவிட்டது. மண் முற்றம், ஒரு மரம். "ஏய் மண்ணாங்கட்டி, உன் படத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணேன். பச்சைப் பசேல்னு இருக்கு!" மண் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் பெயர். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான் எனக்கு.

பிப்ரவரி 24
ஊஞ்சலுக்குக் குழி தோண்டிய தச்சர் கறுப்பாக ஏதோ தகடுகளை எடுத்திருக்கிறார். அக்கா போட்டோ அனுப்பினாள். "இது என்னடி?"

பழைய பேட்டரித் தகடு. முழுக்க ஈயம்.

அந்த மனையில் ஒரு மாதிரிகூட இல்லை. எடுக்கப் போனவர்களைக் கேட்டேன். "கேட்டு பூட்டியிருந்துச்சு மேடம்." பூட்டிய கேட்டுக்குள் பச்சை பூசியது நான்தான். அக்கம்பக்கத்து மண் நல்ல மண், அந்த நல்ல பெயரை இதற்கும் வாங்கிக் கொடுத்துவிட்டது கணக்கு. தலைவர் எடுத்துவிட்ட படத்தில் இந்த இடம் சாம்பல் நிறம். அதாவது, தெரியாது. தெரியாதுன்னு சொல்ல எனக்கு என்ன கேடு?

பிப்ரவரி 25
நானே போய் மண் எடுத்தேன். சுவரில் அக்கா ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறாள். கழுத்துக்கு இடம் போதாமல் ஜன்னலைச் சுற்றி வளைத்திருக்கிறாள்.

மார்ச் 4
முடிவு வந்தது. பிள்ளைகள் விளையாடும் மண்ணில் இருக்கலாம் என்கிற அளவைப்போலப் பல மடங்கு ஈயம். போனில் சொல்லத் தைரியமில்லாமல் நேரில் போனேன்.

"மேல வேற மண்ணு கொட்டினா?"

"பத்தாதுக்கா. சின்னப் பிள்ளைங்க தோண்டும், வாயில வைக்கும்."

"பழைய இடத்தையும் விட்டாச்சு. திங்கக்கிழமை வாங்கன்னு எல்லா அம்மாங்ககிட்டயும் சொல்லிட்டேன். என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி."

சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை அது என்று அவளுக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மார்ச் 5
இரண்டாவது படத்தையும் போடாவிட்டால் முதல் படத்தில் என் பெயர் வேண்டாம் என்று தலைவரிடம் சொன்னேன்.

"ஒரு மனைக்காகவா?"

"இன்னும் எத்தனை கேட்டு பூட்டியிருந்துச்சோ, யாருக்கு சார் தெரியும்?"

முறைத்தார். பிறகு, "கொண்டு வா" என்றார்.

மார்ச் 12
அக்கா போனை எடுக்கவில்லை. அத்தான்தான் எடுத்தார். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக் கூடத்திலாம். "நான் மாடிப்படியில உக்காந்து சாப்பிடறேன்" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மார்ச் 30
இரண்டு படங்களும் வெளியாயின. நடுநடுவே சாம்பல். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 6
அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை மேசையில் வைத்தாள். உள்ளே மண்.

"வேற இடம் பார்த்திருக்கேன். படத்துல பச்சைதான்."

"அக்கா, பச்சைன்னா…"

"தெரியும்டி. அதான் நானே அள்ளிட்டு வந்தேன். நாலு மூலையிலயும், நடுவுலயும்."

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கலந்திருக்கிறாள். "இடத்துக்கு ஒரு பைன்னு தனித்தனியா எடுக்கணும்க்கா."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன, மண்ணாங்கட்டி?"

ஒரு மாதத்துக்கு மேலாகிறது அந்தப் பெயரைக் கேட்டு. காலிப் பைகளை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.