பூமாலை வீட்டுப் பிள்ளைகள்

சங்கராபுரம்
8.6.1998

அன்பு பூமாலை,

விடுதியில் உன் பக்கத்துப் பாயில் படுத்துத் தூக்கத்தில் உளறுவாளே, அந்த லூசி எழுதுகிறேன். இந்த மாதம் முதல் நான் இங்கே அங்கன்வாடி சூப்பர்வைசர். உங்கள் மலை ஊர்களும் என் பொறுப்பில்தான் வருகின்றன.

நேற்று வெள்ளிமலையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். "நெல்லிமடுவுல பூமாலைன்னு ஒருத்தி. கூலிக்குப் போறவங்க புள்ளைங்கள எல்லாம் தன் வூட்டுல வச்சிப் பாத்துக்கினு இருக்கா" என்றார். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. கூட இருந்தவர்களிடம் "அவள் என் சிநேகிதி" என்று சொல்லிக்கொண்டேன்.

கட்டடம் இல்லாத சிற்றூர்களில் வீட்டிலேயே மையம் நடத்த அனுமதி தரலாம் என்று பேச்சு நடக்கிறது. நீ ஏற்கெனவே செய்கிற வேலைதான். அனுமதி வந்தால் அரிசி, பருப்பு, சத்துமாவு எல்லாம் வரும். உனக்கும் சம்பளம் வரும். உடனே ஒரு மனு எழுதி அனுப்பு. இத்தனை வருஷம் ஒரு கார்டுகூடப் போடாமல் இருந்ததற்கு நேரில் சண்டை போடுகிறேன்.

உன்
லூசி

---

நெல்லிமடுவு
17.6.1998

லூசி,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே இரண்டு தடவை படித்தேன். கார்டு போட எனக்கு என்ன செய்தி இருந்தது சொல்? நீ பாஸ் ஆனாய், நான் கணக்கில் பெயில் ஆனேன், கல்யாணம் கட்டி மலைக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

இங்கே பொம்பளைகள் இருட்டோடு கிளம்பி மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறார்கள். திரும்ப விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அதனால் பிள்ளைகளைத் தூக்கத்திலேயே கொண்டுவந்து என் பாயில் கிடத்திவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு ஆண்டாளின் பெண் தங்கமணிக்கு மூன்று வயது. என் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவாள். தாய்மார்கள் கேழ்வரகோ கிழங்கோ கொடுப்பார்கள். அதைக் காய்ச்சிக் கொடுப்பேன். முட்டை எங்கே கிடைக்கிறது? சத்துமாவு வரும் என்று நீ எழுதியதும் ஆசை வந்துவிட்டது.

ஆனால் என் வீடு ஒற்றை அறை, கூரை வீடு. ஆட்டையும் அதே கூரையின் கீழேதான் கட்டுகிறோம். என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் சிரிக்கிறார். "கவருமெண்டு நம்ம வூட்டுக்கு வந்து இன்னா பண்ணப் போவுது?" என்கிறார். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பூமாலை

---

சங்கராபுரம்
3.7.1998

அன்பு பூமாலை,

அவசரமாக எழுதுகிறேன். வருகிற புதன்கிழமை மேலதிகாரியும் நானும் ஜீப்பில் வருகிறோம். ஆட்டை வேறு எங்காவது கட்டிவிடு. தரையை மெழுகு. பிள்ளைகளைக் குளிப்பாட்டி வரிசையாக உட்கார வை. உள்ளே வந்ததும் "வணக்கம்" சொல்லப் பழக்கு. ஒரு பாட்டு சொன்னால் நல்லது. யாரும் அழக்கூடாது, ஓடக்கூடாது.

இன்னொன்று. நாம் சிநேகிதிகள் என்று காட்டிக்கொள்ள வேண்டாம். சிபாரிசு என்று பேச்சு வந்தால் உனக்குத்தான் கெடுதல்.

லூசி

---

நெல்லிமடுவு
10.7.1998

லூசி,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். ஆட்டை ஆண்டாள் வீட்டில் கட்டினேன். அக்கம்பக்கத்தில் பாய் வாங்கி விரித்தேன். காலையிலிருந்து பிள்ளைகளை எழுந்திருக்கவே விடவில்லை. ஜீப் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

ஜீப் சத்தம் கேட்டதும் தங்கமணி பயந்துபோய் இரவல் பாயிலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டாள். "வெளிய போவணும், வெளிய போவணும்" என்று கத்தினாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. கன்னத்தில் அடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளை மேலும் நான் கை வைத்ததில்லை. அவள் அழக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்தாள். நீங்கள் உள்ளே வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து அவளும் "வணக்கம்" சொன்னாள். அது உன் காதில் விழுந்திருக்கும்.

அந்த ஐயா கக்கூஸ் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். பத்தாவது பாஸா என்றார். இல்லை. வயசு என்ன என்றார். முப்பத்தெட்டு. "ஜாஸ்தியாச்சே" என்றார். தனிச் சமையலறை கேட்டார். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், யார் தூங்க வைப்பது என்று ஒன்றும் கேட்கவில்லை. நீ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாய். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றாய். நீ சொல்லிக் கொடுத்த நாடகம்தான். ஆனாலும் அந்த "ஏம்மா" என்னைச் சுட்டது.

சாயங்காலம் ஆண்டாள் வந்து மகளின் கன்னத்தைப் பார்த்தாள்.

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் கிழங்குக் காட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மனு என்ன ஆயிற்று என்று எழுது.

பூமாலை

---

சங்கராபுரம்
29.7.1998

பூமாலை,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். படிப்பு, வயசு, வீடு என்று மூன்றையும் காரணம் காட்டியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை எழுதியது என் கை. ஓடைக்கு அப்பால் கீழூரில் கட்டடம் கட்டி மையம் திறப்பார்களாம். சங்கராபுரத்திலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வந்து போவாள்.

நீ கோபமாக எழுதியிருந்தால் நானும் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். நீயோ கன்னத்தில் அடித்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். அந்தப் பிள்ளையை அடிக்க வைத்தது என் கடிதம்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது ஜீப்பில் மேலதிகாரி, "ஆட்டுப்பட்டிய காட்டி மையம்னு கேக்குறாங்க" என்றார். நான் சிரித்தேன், பூமாலை. அன்று உன் வீட்டில் நீ கொடுத்த மோரைக் குடித்த வாயால் சிரித்தேன்.

கீழூர் மையத்தில் ஆயா வேலைக்காவது உன்னை எடுக்கச் சொல்லி மன்றாடுகிறேன். வயசு விலக்கு வாங்கித் தருகிறேன். என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

லூசி

---

நெல்லிமடுவு
16.8.1998

லூசி,

ஆயா வேலை வேண்டாம். அந்த மையத்தை டீச்சரின் பஸ் வந்த பிறகு திறந்து, பஸ் போவதற்குள் பூட்டுவார்கள். இருட்டில் கொண்டுவந்து கிடத்துகிற பிள்ளைகளை யார் பார்ப்பது? ஓடையில் தண்ணீர் வந்தால் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு யார் தாண்டுவது? நான் இங்கேயே இருக்கிறேன். முட்டை இல்லை என்ற குறைதான்.

ஆண்டாள் திரும்ப வந்தாள். காட்டில் வரப்பில் படுக்க வைத்த பிள்ளையைத் தேள் கொட்டிவிட்டதாம். பிழைத்துக்கொண்டது. விடியற்காலையில் என் வாசலில் வந்து நின்று, "எனக்கு வேற யாரு இருக்காங்க சொல்லு, உன்ன உட்டா" என்றாள். நம்பிக் கொடுக்கவில்லை லூசி, வேறு வழியில்லாமல் கொடுத்தாள். அந்தப் பிள்ளையைக் கை நீட்டி வாங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

நேற்று தங்கமணிக்குத் தலை வாரலாம் என்று சீப்பை எடுத்துக் கையை உயர்த்தினேன். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அடி விழுமென்று காத்துக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது என் முந்தானையைத் தேடுவதில்லை, சுவர் ஓரமாகப் போய்த் தூங்குகிறாள்.

ஒரு வரி கேட்டிருக்கிறாய். எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ சிரித்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நானும் அன்று அந்த ஐயாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. எனக்கே கிடைக்காததை உனக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

கொஞ்ச காலம் கடிதம் வேண்டாம் லூசி. இந்தப் பிள்ளை என் கையைப் பார்த்துக் கண்ணை மூடாத அன்று, நானே எழுதுகிறேன்.

பூமாலை