பன்னிரண்டு மீட்டர்

ஆட்டையாம்பட்டி
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் தர்ஷனுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. இப்போதுதான் என் தோளை விட்டு இறங்கினான். மணி பன்னிரண்டரை. கையெழுத்து கோணியிருந்தால் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் கேட்டால் சிரித்தே தப்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். அடுத்த மாதத்திலிருந்து, கடலடியில் மூழ்கிக் கிடக்கிற கப்பலைப் பார்க்கச் சுற்றுலா ஆட்களைத் தண்ணீருக்குள் கூட்டிப்போகும் வேலை கிடைக்கும் என்றீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பி.எஸ்ஸி இயற்பியல் இதற்காவது உதவட்டும் என்று தேடிப் படித்தேன்.

இப்போது நீங்கள் செய்வது, முதல்முறை வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு மீட்டருக்குள் பவளப்பாறை காட்டி மேலே கூட்டிவருவது. வெளிச்சம் உண்டு, தலைக்கு மேல் திறந்த தண்ணீர் உண்டு. அது போகட்டும். இரவு டைவிங்கில் விளக்கு அணைந்தால் பக்கத்தில் இருக்கிற ஆளும் இல்லாத மாதிரிதான். முப்பது மீட்டரில் காற்று சீக்கிரம் தீரும், குடித்தவர் போலப் புத்தி தடுமாறுமாம். அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி கட்டும். கப்பலில் இதெல்லாமும் வரலாம், அதற்கு மேல் இரும்புக் கூரை வேறு. உள்ளே போய்விட்டால் நேராக மேலே வர வழியில்லை. அறுந்த வலை, துரு, கால் பட்டால் கலங்கிக் கண்ணை மறைக்கிற சேறு.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "அவன் கெணத்துலயே கெடந்தவனாச்சே சாமி, தண்ணி அவன என்ன பண்ணீரும்?" என்றுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கப்பல் மட்டும் வேண்டாம் மாமா. பாறை காட்டுகிற வேலையிலேயே இருந்துவிடுங்கள்.

உங்கள்
சௌமியா


அந்தமான்
13.2.2025

அன்புள்ள சௌமிக்கும் என் தங்கச்சாமி தர்ஷனுக்கும்,

உன் காகிதம் வந்தது. பாடம் எடுத்த மாதிரி இருந்தது. கூட வேலை செய்யும் ராமநாதபுரத்துப் பசங்களுக்குப் படித்துக் காட்டினேன். "அக்காவையே இங்க வேலைக்குக் கூட்டி வந்துருங்கண்ணே, நீங்க ஊருக்குப் போங்க" என்கிறார்கள்.

நெம்பப் பயந்துக்காத புள்ள. நீ எழுதின எல்லாவற்றையும் விடக் கிணறுதான் மோசம். அறுபதடிக் கிணற்றில் விழுந்த மோட்டாருக்குக் கயிறு கட்ட எத்தனை தடவை இறங்கியிருப்பேன்? முதுகில் காற்று சிலிண்டரும் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. மேலே கட்டின ஒரே மூச்சோடு போய், அதே மூச்சோடு வரவேண்டும். இங்கே எல்லாவற்றுக்கும் மீட்டர் இருக்கிறது.

சொல்லப்போனால் நீ நல்லது என்கிற பாறை வேலைதான் தொல்லை. போன வாரம் ஒரு புது மாப்பிள்ளை, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் மிரண்டுபோய் மேலே பறந்தார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். அவசரத்தில் கிணற்றுப் பழக்கம், மூச்சைக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் நெஞ்சில் குத்தல், இருமினால் எச்சிலில் துளி சிவப்பு. இப்போது ஒன்றுமில்லை. முதலாளி குமாரசாமி சாரிடம் சொன்னால் பரிசோதனை, ஓய்வு என்று கரையில் உட்கார வைத்துவிடுவார். கப்பல் வேலை வேறொருத்தனுக்குப் போய்விடும். நீயும் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, என் மேல் சத்தியம்.

பையனுக்கு முத்தம்.

மதியழகன்


ஆட்டையாம்பட்டி
26.2.2025

மாமா,

இன்றும் நேரமாகிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் போன் செய்தேன். "அதெல்லாம் செரியாப் போச்சு புள்ள" என்றீர்கள். பின்னால் படகு இன்ஜின் சத்தம். அப்படியென்றால் அன்றும் இறங்கியிருக்கிறீர்கள்.

நான் பயந்தது தப்பான இடத்தில். ஆழம், இருட்டு, கூரை என்று கடலைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இறங்குகிற ஆளைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கு நீங்கள் கொண்டுபோவது மேலே இழுத்த மூச்சு. கீழே போனால் சுருங்கும், திரும்பி வந்தால் பழைய அளவுக்கு வரும், அவ்வளவுதான். சிலிண்டர் அப்படியில்லை. பன்னிரண்டு மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, விடாமல் மேலே வந்தால் இரண்டு மடங்குக்கும் மேல் விரியப் பார்க்கும். எங்கே போகும்? நுரையீரலைக் கிழித்துக்கொண்டுதான் போகும். கிணற்றில் உங்களைக் காப்பாற்றின பழக்கம் அங்கே உங்களைக் கொன்றுவிடும். மூச்சைக் கட்டாதே என்பது முதல் நாள் பாடமாமே. வருகிறவர்களுக்கு நீங்களே தினமும் சொல்வதுதானே மாமா?

சத்தியத்தை மீறிவிட்டேன். நேற்றுக் காலை குமாரசாமி சாருக்குப் போன் போட்டு, சிவப்பு வந்தது வரை சொல்லிவிட்டேன். என்றைக்கு நடந்தது என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "இனி அவன தண்ணியில எறங்க விடமாட்டேம்மா. நாளைக்கே போர்ட் பிளேருக்கு ஸ்கேன் எடுக்க அனுப்புறேன்" என்றார். வைக்கும்போது, "இத அவனே சொல்லியிருக்கணும்" என்றார். கப்பல் வேலை உங்களுக்கு இல்லை என்று அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று மத்தியானத்திலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. உங்கள் அம்மாவும், "பொழப்பக் கெடுத்துப்போட்டயே, நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. தர்ஷனை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்.

கோபத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். நாளைக்கே இன்னொரு முறை இப்படி ஆனாலும் நான் இதைத்தான் செய்வேன், பிறகு மன்னிப்பு எதற்கு? எனக்கு நெம்பக் களைப்பாக இருக்கிறது மாமா.

ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்று மட்டுமாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

சௌமியா