மாப்பிள்ளைக்கு ஒரு கத்தி

செப்டம்பர் 3, 2025. புதன்.

காலைப் பூஜை முடிந்து கோயிலிலிருந்து வந்தால் காபி ஆறிக் கிடக்கிறது. கனகாம்பாள் அடுப்படியில் போனோடு நிற்கிறாள். ராஜியிடம்தான். எனக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறாளாம். அவள் தாழ்த்திய குரல் மூன்றாம் வீடு வரைக்கும் கேட்கும்.

பேசி முடித்து வந்தாள். "ஏன்னா, ராஜி தீபாவளிக்கு வராளாம். அவரையும் அழைச்சுண்டு. தலை தீபாவளியோன்னோ."

நான் பேப்பரைப் புரட்டினேன்.

"அப்பா பேசுவாரான்னு கேக்கறா. பேசமாட்டார்னா ஆசிரமத்துப் பக்கம் ரூம் போட்டுண்டு, ஸ்வாமியைப் பார்த்துட்டுக் கிளம்பிடறோம்ங்கறா."

எங்களுக்கு ஒரே பெண், ராஜராஜேஸ்வரி. படிக்கப் போன ஸ்காட்லாந்திலேயே ஜனவரியில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். ரோரி என்று பெயர் அவனுக்கு. அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. எட்டு மாதம்.

கோயிலில் யார் கேட்டாலும் "மாப்பிள்ளை ஃபாரஸ்ட் ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுப் பொய் இல்லை, காட்டில்தான் வேலை. மான் சுடுகிறான். சம்பளத்துக்கு! சுட்டு, அங்கேயே வயிற்றைக் கீறி, குடலை எடுத்துப் போட்டுவிட்டு, மலையிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்குகிறான். சந்நிதியில் தீபாராதனைத் தட்டோடு நிற்கிறவன் இதை எந்த வாயால் சொல்வது?

பேசுவேனா? தெரியவில்லை.

செப்டம்பர் 5

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு என்ன செய்வது என்று கனகா ராஜியிடம் கேட்டிருக்கிறாள். "மோதிரமெல்லாம் போடமாட்டார்மா, வேலைக்கு இடைஞ்சல். போன மாசம் கத்தியைப் புல்லுல தொலைச்சுட்டு நாள் பூரா தேடினார். வேணும்னா அதை வாங்கித் தாங்கோ" என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அபிஷேகம் பண்ணுகிற கை, மான் அறுக்கக் கத்தி வாங்கித் தர வேண்டுமாம். நன்றாயிருக்கிறது நியாயம்.

செப்டம்பர் 9

கிரிவலப் பாதையில் காலையில் நடந்தேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மான், கூடவே குட்டி. நான் நின்றதும் அதுவும் நின்றது. ஒரு காது மட்டும் ஈயை விரட்டிக்கொண்டிருந்தது. இதைப் போய்ச் சுட எப்படிடா உனக்கு மனசு வருது? அந்த ஆளின் முகத்தில் முழிக்க மாட்டேன். எழுதி வைக்கிறேன், முழிக்கவே மாட்டேன்.

செப்டம்பர் 10

நேற்று எழுதியதைக் கனகா படித்துவிட்டாள் போலிருக்கிறது. ரசத்தில் உப்பில்லை.

செப்டம்பர் 13. சனி.

கனகா மார்க்கெட்டுக்குப் போகும்போது போனை என் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறதியாம். ராஜி அனுப்பிய குரல் செய்தி திறந்தபடி இருந்தது. அழுத்தினேன்.

எட்டு மாதம் கழித்து அவள் குரல். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது.

அங்கே மானை அடித்துத் தின்ன ஒரு மிருகமும் இல்லையாம். பெருகிப் பெருகி, புதுக் கன்று ஒன்றைக்கூட மரமாக விடாமல் மேய்ந்துவிடுகிறதாம். குளிர்காலத்தில் தின்ன ஒன்றும் இல்லாமல் பனியில் விழுந்து நாள் கணக்கில் சாகுமாம். அதனால் எண்ணிக்கையைக் கம்மி பண்ண ஆள் வைத்திருக்கிறார்கள். சுட்டதை உடனே திறக்காவிட்டால் கறி கெட்டுவிடும், வீணாகும். "ஒவ்வொரு தடவையும் கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் நிப்பார்மா. ஏன்னு கேட்டேன். சும்மாதான்னார்."

நாலு தடவை கேட்டேன். கனகா வந்த சத்தம் கேட்டதும் போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

செப்டம்பர் 16

தேரடிப் பக்கம் பாத்திரக் கடைக்குப் போனேன். ஒரு நல்ல கத்தி வேணும் என்றேன். "எதுக்கு சாமி? பூசணிக்காயா?" என்றான். வாய் தவறி 'மா' என்று ஆரம்பித்து, "மாங்காய்" என்று முடித்தேன். புரட்டாசி பிறக்கிற சமயத்தில் மாங்காய்! அவனும் ஏதோ ஒன்றைக் கொடுத்தான். வீட்டில் கனகா அதை வைத்து வாழைக்காய் நறுக்கிப் பார்த்தாள். தகடு வளைந்தது. "இதால மானையா? மானுக்குச் சொறிஞ்சுதான் விடலாம்" என்றாள்.

ஆக, அவளுக்கும் தெரிந்துவிட்டது. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

செப்டம்பர் 18. வியாழன்.

கறிக்கடைக்குப் போனேன்.

எழுதிப் பார்த்தால் கை கூசவில்லை. போகும்போதுதான் இரண்டு தெரு சுற்றிப் போனேன். புரட்டாசி நேற்றுப் பிறந்துவிட்டது, ஊரில் பாதிப் பேர் கறியை விட்டுவிட்டார்கள், கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். கடைக்காரர் பெயர் மண்ணாங்கட்டி. மாசப் பிறப்புக்கு மாசப் பிறப்பு கோயிலுக்கு வருகிறவர், என் கையால் விபூதி வாங்குகிறவர். என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார்.

"இன்னா சாமி, வழி மாறி வந்துட்டீங்களா?"

சொல்லிக்கொண்டே, தொங்கிய ஆட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டார். எனக்காக.

விஷயத்தைச் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அது பெரிய விஷயம். நாலைந்து கத்திகளை எடுத்து வைத்துக்கொண்டு வைத்தியர் மாதிரி பேசினார்.

"முனை ஊசியா இருக்கக் கூடாது சாமி. வவுத்தைக் கீறும்போது குடல்ல பட்டுச்சுன்னா முடிஞ்சுது, கறி முச்சூடும் நாறிப் பூடும். முனை கொஞ்சம் தாழ்ந்து, வெட்ற பக்கம் ரவுண்டா வரணும். பெருசும் வாணாம், நாலு இஞ்சு போதும். ஜாஸ்தியானா கை போற எடம் கண்ணுக்குத் தெரியாது."

"மடக்குக் கத்தி நல்லதில்லையா? பையில வெச்சுக்கலாமே."

"ஐயே! மடிப்புல ரத்தமும் கொழுப்பும் பூந்துக்கும், கழுவவே முடியாது. ஒரே தகடா இருக்கணும். அப்பால பிடி. அதான் சாமி உசுரு. ஈரத்துல வழுக்கிச்சுன்னா மாப்ள விரலு பூடும்."

புல்லில் தொலைத்துவிட்டான் என்றேன். அப்படியானால் பிடி நல்ல சிவப்பாக இருக்கட்டும் என்றார். மச்சான் லேத் பட்டறை வைத்திருக்கிறாராம், ரம்பத் தகட்டில் அடித்துத் தருவாராம். எல்லாம் பேசி முடித்து, கடைசியில் கேட்டார்.

"மாப்ள கை எம்மாம் பெருசு?"

தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் கையைக் காட்டி, இவ்வளவு இருக்கும் என்றேன். "உத்தேசமா வாணாம் சாமி. கேட்டுச் சொல்லுங்க, நான் எங்க போப்போறேன்" என்றார்.

யாரிடம் கேட்பது? கனகாவிடம் சொன்னால், "எனக்கு இஞ்செல்லாம் கேக்கத் தெரியாது, நீங்களே கேளுங்கோ" என்கிறாள். நாற்பது வருஷமாய் ரவிக்கைத் துணிக்கு அளவு சொல்கிறவளுக்கு இஞ்சு தெரியாதாம்.

செப்டம்பர் 19

மூன்று தடவை நம்பரை அழுத்தி, மூன்று தடவையும் கட் பண்ணினேன்.

செப்டம்பர் 20. சனி.

மத்தியானம் இரண்டு மணிக்கு அடிக்க விட்டேன்.

"அம்மா?" என்றாள்.

நான்தான் என்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் போயே போச்சு.

"மாப்பிள்ளை கை எத்தனை இஞ்சு?"

"என்னப்பா?"

"கை. உள்ளங்கை. கத்திக்குப் பிடி போடணும். மண்ணாங்கட்டி காத்துண்டிருக்கார்."

"யாருப்பா மண்ணாங்கட்டி?"

"கறிக்கடை."

அவ்வளவுதான். அழ ஆரம்பித்தாள், அழுகையோடேயே சிரிக்கவும் செய்தாள். "கறிக்கடைக்கா போனேள்? நீங்களா? அப்பா, நீங்களா போனேள்?"

"போனா என்ன, ஒட்டிக்குமா? சீக்கிரம் அளந்து அனுப்பு" என்று வைத்துவிட்டேன்.

வெச்சுட்டு, கொல்லைப் பக்கம் போய் அழுதேன். எம் பொண்ணு குரலைக் கேக்காம எட்டு மாசம் இருந்திருக்கேனே. என்ன கோபம், யாருக்கு என்ன லாபம்? கல் மனசா எனக்கு?

சாயங்காலம் படம் வந்தது. வெள்ளைத் தாளில் கையை வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் அளவுகோல். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தின் அட்டையில் அதே அளவுக்கு நானும் வரைந்தேன். அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலும் என்னுடையதைவிட ஒரு கணு நீளம். கட்டைவிரல் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது.

அக்டோபர் 1. ஆயுத பூஜை.

கத்தி வந்தது. சின்னதாக, கனமாக, எந்த வேலைப்பாடும் இல்லாமல். செம்பருத்திப் பூ மாதிரி ஒரு சிவப்பில் பிடி. மண்ணாங்கட்டி நகத்தின் மேல் வைத்துக் கூர் காட்டினார். வாழைத்தண்டு நறுக்கிச் சோதித்துத்தான் கொண்டுவந்தாராம். "கறியில வெச்சுப் பாக்கல சாமி, உங்க வூட்டுக்கு வர்ற பொருளாச்சே."

கனகா பஞ்சாங்கம், மணி, அரிவாள்மணை எல்லாவற்றோடும் அதையும் வைத்து சந்தனம் குங்குமம் இட்டாள். அந்த நேரம் பார்த்து அருணேஷ் வந்தான். என் தம்பி பிள்ளை, கோயிலில் என்னோடு முறை பார்க்கிறவன்.

"பெரியப்பா, உங்களைக் கறிக்கடையில பார்த்ததா சொல்லிக்கறாளே?"

"பார்த்திருப்பா. போனேன். என் மாப்பிள்ளை ஃபாரஸ்ட் ஆபீசர் இல்லைடா. மான் சுட்டு அறுக்கறவர். அவருக்குக் கத்தி."

சொல்லிவிட்டேன். நாளைக்குக் கோயில் முழுக்கத் தெரியும். அருணேஷ் குனிந்து கத்தியைப் பார்த்தான். "எலுமிச்சம்பழம் நறுக்க நமக்கும் ஒண்ணு சொல்லுங்கோ. கோயில் கத்தி மொக்கையாயிடுத்து" என்று சுண்டலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அக்டோபர் 18. சனி.

வந்துவிட்டார்கள். ராஜி இளைத்திருக்கிறாள். மாப்பிள்ளை வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார், அவ்வளவு உயரம். ரசம் முழங்கை வரைக்கும் ஓடியது, ஆனாலும் ஸ்பூன் வேண்டாமென்றார்.

அறை எடுத்துத்தான் தங்கியிருக்கிறார்கள். "உங்களுக்கு மடி, ஆசாரமெல்லாம் இருக்கு. நாங்க இருந்தா தொந்தரவு" என்கிறாள். அப்பாவைத் தொடாதே, அப்பா பக்கத்தில் போகாதே என்று அவருக்கு நன்றாகப் பாடம் எடுத்திருக்கிறாள் போல. சாயங்காலம் முழுக்க என்னிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார். நான் ஒரு அடி வைத்தால் அவர் ஒரு அடி பின்னால் போகிறார். எனக்கோ இங்கிலீஷ் வராது. "ஈட், ஈட்" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 20. தீபாவளி.

விடிவதற்கு முன்னாலேயே வந்தார்கள். எண்ணெய், சீயக்காய், கங்கா ஸ்நானம் எல்லாம் ஆயிற்று. வேஷ்டியை அவர் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அடுத்தது கத்தி. தட்டிலிருந்து எடுத்து, அவருக்கு முன்னால் பலகையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்தேன்.

இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். கத்தியோ கத்தரிக்கோலோ, ஒருவர் கீழே வைக்க மற்றவர் எடுத்துக்கொள்வதுதான் இந்த வீட்டில் வழக்கம். பழகிப் பழகி யோசிப்பதுகூட இல்லை.

அவர் எடுக்கவில்லை. கத்தியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். காது வரைக்கும் முகம் சிவந்தது. ராஜியிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

ராஜி என் பக்கம் திரும்பினாள். "அவர் கை ரத்தக் கைன்னுதானேப்பா கீழே வெச்சேள்? தொடப் பிடிக்கலேன்னா இதை வாங்கியே இருக்க வேண்டாமே!"

கனகாதான் பதறினாள். "ஐயோ, அதில்லேடி! இரும்பைக் கையில குடுத்தா சண்டை வரும்னுதான். உனக்குத் தெரியாதா? மறந்துட்டியா?"

ராஜி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு அவருக்கு இங்கிலீஷில் வேக வேகமாக விளக்கினாள். அவரும் தலையை ஆட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை. கீழே வைத்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று, சமாதானத்தைக் காதால்தானே கேட்கிறார்.

குனிந்து கத்தியை எடுத்தேன். அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, விரல் ஒவ்வொன்றாக என் கையாலேயே மூடினேன். கனகா "ஏன்னா!" என்று கத்தினாள்.

"சண்டை வந்தா வரட்டும்டி" என்றேன். "பேசாம இருந்ததை விடவா?"

பிடி அவர் கைக்கு அச்சாக இருந்தது. கை சில்லென்று, சொரசொரவென்று இருந்தது. என் கையை அவர் விடவில்லை. நானும் விடவில்லை. ராஜி அழுவதைப் பார்க்கக் கூடாதென்று வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அருணேஷை அனுப்பி அறையைக் காலி பண்ணச் சொன்னேன். பெட்டிகள் வீட்டுக்கு வந்துவிட்டன.

நவம்பர் 14. வெள்ளி.

அவர்கள் ஸ்காட்லாந்து திரும்பிவிட்டார்கள். இன்றும் ராஜியோடு போனில் சண்டை. பனியில் மலை ஏறுகிறாரே, மாப்பிள்ளைக்கு ஒரு மஃப்ளர் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம், அதைச் சுற்றிக்கொண்டு போனால் மானெல்லாம் சிரிக்கும் என்கிறாள். மழையில் குடை இல்லாமல் கிரிவலம் போனேளாமே என்றாள், அதை யார் உன்னிடம் சொன்னது என்று நான் கத்தினேன், பி.பி. மாத்திரை போட்டேளா என்று அவள் கத்தினாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை "மாமா, மாத்திரை" என்கிறார். அவருக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் இரண்டு இது. கோபத்தில் அவள்தான் முதலில் போனை வைத்தாள்.

"கத்தியைக் கையில குடுத்தப்பவே கத்தினேனே, கேட்டேளா?" என்கிறாள் கனகா.

நாளைக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு ராஜி கூப்பிடுவாள். அதற்குள் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும்.