இழைச்சு இழைச்சே தேஞ்ச கதவு

வெர்லின்,

பீன்ஸ் அடுப்பு மேல இருக்கு, சோள ரொட்டிய துணியில சுத்தி வச்சிருக்கேன். நீ வேலைக்குப் போயிருந்தப்ப, வீடு மட்டம் பண்ற டூவி வந்து ஜாக்கி போட்டு வீட்டத் தூக்கி நேராக்கிட்டுப் போனான். பெட்ரூம் மூலைக்கு அடியில அடுக்கின சிமெண்ட் கல்லு மொத்தமும் சேத்துல இறங்கியிருந்துச்சாம். "கல்லடுக்கு மேல நிக்கிற இந்த மாதிரி வீட்டுல கதவு இடிச்சா முதல்ல கீழ குனிஞ்சு பாக்கணும், இதுகூடத் தெரியாதா உன் புருஷனுக்கு?"ன்னு கேட்டான். அதையேதான் நானும் வருஷக்கணக்கா கத்தினேன். "ஈரத்துக்குக் கதவு உப்புது, உனக்கென்ன தெரியும்"னு ஒவ்வொரு வாட்டியும் இழைப்புளியத் தூக்கிக்கிட்டு வந்த.

இப்ப வீடு நேரா நிக்குது. பெட்ரூம் கதவுதான் பொருந்த மாட்டேங்குது. நீ இழைச்சுத் தள்ளின மேல்பக்கம் என் கை நுழையுற அளவுக்குச் சந்து. டூவி அதப் பாத்துட்டுச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

நான் அக்கா வில்மா வீட்டுக்குப் போறேன். கூப்பிட வராத.

ரோன்டா

ராத்திரி தண்ணி உறஞ்சிடும். குழாயச் சுத்தியிருக்குற சூட்டு ஒயர மறக்காம கரண்டுல சொருகி விடு. வீட்டுக்குக் கீழ சுத்தி அடைச்சிருக்குற தகட்டுல பின்பக்கம் ஒண்ணு கழண்டு கிடக்கு. மாட்டலேன்னா தெருப்பூனை உள்ள போய்க் குட்டி போட்டுடும். அதுக்காவது குனி.

இன்னொண்ணு. புதுக் கதவு எதுவும் வாங்கிடாத. ஒத்த ஆள் படுக்குற ரூமுக்குக் கதவு எதுக்கு?