அந்த டப்பாவில் இருந்தது என்னுடையது

மார்ச் 4, செவ்வாய்

இன்று பெருவிரலை வெட்டிக்கொண்டேன். வெட்டியது எனக்கே தெரியாது, அதுதான் விசேஷம். பக்கத்து மேஜை அக்கா "ஐயோ, ரத்தம்!" என்று கத்தியபோது, யாருக்கோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி மேல் சிவப்பாக நாலு சொட்டு. டேப் அறுக்கிற கட்டர் நகத்தோரம் நன்றாகவே இறங்கியிருந்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் ஆளுக்குப் பெயரே விசில். "பெட்டி போச்சே" என்றார். அப்புறம் விரலையும் பார்த்தார். மோசமான மனுஷன் இல்லை. முதலில் பெட்டி, பிறகு விரல். அவருக்குக் கற்றுக்கொடுத்த வரிசை அப்படி.

என் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெல்ட்டில் வருகிற ஷூவை இடது வலது பார்த்து, தாள் சுற்றி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி அனுப்ப வேண்டும். மணிக்குத் தொண்ணூறு பெட்டி என்று இருந்ததை நூற்றிருபது ஆக்கினார்கள். என் முதுகோடு யாரும் கலந்துபேசவில்லை. ஆறு மாதம் முன்பு நிமிர முடியாமல் நின்றபோது, விசில் தன் மேஜையிலிருந்து ஒரு நீல டின்னைத் திறந்தார். "வீட்டுக்குப் போய்ப் படுத்தா ஒரு நாள் போச்சு. இதைப் போடுங்க, ஒரு மணி நேரத்துல பழைய ஆளு." போட்டேன். பழைய ஆள் வரவில்லை, ஆனால் வலி போய்விட்டது. அன்றிலிருந்து காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று.

வலிதான் போனது என்று நினைத்திருந்தேன். விரலும் சேர்ந்து போயிருக்கிறது.

மார்ச் 5, புதன்

ஒரு பெட்டி திரும்பி வந்தது. ரெண்டும் இடது கால். என் மேஜை நம்பர். வாங்கியவர் எப்படி நின்று பார்த்திருப்பார்?

மார்ச் 6, வியாழன்

காலை பத்து மணிக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல். போதைப்பொருள் பரிசோதனை. பட்டியலில் இருப்பவர்கள் மூன்று மணிக்குள் சிறுநீர் கொடுக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றுக்குப் போக ஏழு நிமிஷம், அதற்கு மேல் போனால் பெயர் பலகையில் சிவப்பு விளக்கு. அதற்குப் பயந்து தண்ணீரையே குறைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! இன்று அதே கம்பெனி டப்பாவைக் கையில் கொடுத்து, "மெதுவா போங்க, அவசரமில்ல" என்கிறது.

எங்களைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்றார் பக்கத்து மேஜை அக்கா. விசில் பொறுமையாகச் சொன்னார்: "வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்டீங்களே." போட்டோம். பதினோரு பக்கம். எந்தப் பக்கத்தில் என் மூத்திரம் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் எட்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

பட்டியலில் நான் இல்லை. மச்சான் இருந்தான் – என் வீட்டுக்காரியின் தம்பி. குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். லாக்கர் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"மாமா, உங்ககிட்ட ஒரு உதவி."

"சொல்லு."

"சொல்ல ஒரு மாதிரியா இருக்கு."

"அப்ப உன் அக்காகிட்ட கேளு."

"அக்காகிட்ட இதைக் கேட்க முடியாது மாமா." காலி இருமல் மருந்து பாட்டிலை நீட்டினான். "ஞாயித்துக்கிழமை கூட்டாளிங்களோட ரெண்டு இழுப்பு. கஞ்சா. அவ்வளவுதான், சத்தியமா."

நான் டீ கூடக் குடிக்காதவன். கம்பெனியில் எனக்குப் பெயர் பச்சைத்தண்ணி. போன வருஷம் எனக்குப் பரிசோதனை வந்து சுத்தம் என்று காகிதமே கொடுத்தார்கள். என்னைவிட நல்ல கிணறு அவனுக்கு எங்கே கிடைக்கும்?

திட்டினேன். கஞ்சா ஏறிய தலையோடு இரண்டு ஆள் உயரத்துக்குச் சரக்கைத் தூக்குகிறவன் கீழே நானும் நடக்கிறேன். அது பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இழுத்ததை வியாழக்கிழமை பிடித்து யாரைக் காப்பாற்றப்போகிறார்கள்? அவன் பெண்டாட்டிக்கு எட்டாம் மாதம். குடியிருப்பது கம்பெனி குவார்ட்டர்ஸ். வேலை போனால் கதவும் போகும்.

பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். ஏழு நிமிஷத்துக்குள்.

மார்ச் 7, வெள்ளி

ஒன்றுமில்லை. பெட்டி, பெட்டி, பெட்டி.

மார்ச் 11, செவ்வாய்

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"மாமா, நீங்க என்ன சாப்பிடுறீங்க?"

"சோறுதான். நீயும் சாப்பிடு."

"நான் ஃபெயில் மாமா. கஞ்சா இல்லையாம். வேற ஏதோ. அபின் ஜாதியாம். நான் அதைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல."

காகிதத்தை நீட்டினான். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வேண்டுமானால் இருபதாம் தேதி ஆபீஸில் வந்து விளக்கம் சொல்லலாம்.

பாட்டில் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவர் மூத்திரத்தை நீ எதுக்குடா வாங்கின?" ஆறு மாதமாக இந்த வீட்டில் கேட்கப்பட்ட மிக நியாயமான கேள்வி.

மகள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். "அப்பா, அந்த முதுகு மாத்திரை இருக்கா? காட்டுங்க."

மார்ச் 12, புதன்

பெயர் தெரியாதபடி மாத்திரை அட்டையை ஒவ்வொன்றாக வெட்டித் தருவார் விசில். மகள் அதன் முதுகில் இருந்த அரை எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது டாக்டர் சீட்டு இல்லாம நாங்க தொடவே மாட்டோம்பா. பழக்கமாயிடும். எத்தனை நாளா?"

"ஆறு மாசம்."

என் கையைப் பிடித்து பெருவிரல் கட்டைப் பார்த்தாள். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கடைக்கு இலவசமாகத் தந்தது என்று இந்த டைரியையும் அவள்தான் கொடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் கீழே ஒரு மருந்து விளம்பரம். இன்றைக்கு: "வலியில்லாத நாளே வளமான நாள்." போடா போ.

கம்பெனி கொடுத்த மாத்திரை கம்பெனி சோதனையிலேயே மாட்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? வீட்டுச் சாப்பாட்டை வீட்டுக்காரரே திருட்டு என்று சொல்வாரா என்ன – அப்படித்தான் நினைத்திருந்தேன். மச்சான் சுத்தமான இடத்தில் எடுத்ததாக நினைத்தான். இருக்கிற ஐநூறு பேரில் என்னிடம் வந்தான். தன்னுடையதையே கொடுத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் புகை மாட்டியிருக்கும், மாட்டாமலும் போயிருக்கும். என்னுடையது நிச்சயமாக மாட்டியது.

இன்று காலையிலும் ஒன்று போட்டேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

விசிலிடம் போனேன்.

"மாத்திரையா? எந்த மாத்திரை?"

"நீல டின்னுல இருக்கே சார்."

டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே பேண்டேஜும் பஞ்சும். கதவைச் சாத்திவிட்டு வந்து குரலை இறக்கினார். "உங்க பேரு லிஸ்ட்லயே இல்ல. எதுக்குத் தூங்குற நாய் வாலை மிதிக்கிறீங்க? எனக்கும் முட்டி போச்சு. நானும் அதைத்தான் போடுறேன். மேலேர்ந்து நூத்திருபதுங்கறாங்க, நான் எங்க போய்ச் சொல்ல?"

அவர் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. நான் கிளம்பும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் பெண்டாட்டி குழந்தைத் துணிகளை ஒரு பையில் போட்டு எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். "எங்க போறோமோ, இதாவது பத்திரமா இருக்கட்டும் அண்ணே."

என் வீட்டுக்காரியிடம் கேட்டேன், உண்மையைச் சொல்லட்டுமா என்று. அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "அவன் என் தம்பி. நீங்க என் புருஷன். என்னை எதுவும் கேட்காதீங்க."

மார்ச் 18, செவ்வாய்

ரெண்டு நாள் மாத்திரை போடாமல் இருந்து பார்த்தேன். மூக்கு ஒழுகியது, கால் தானாக உதைத்தது, உடம்பெல்லாம் வேர்வை. பலகையில் என் பெயருக்குச் சிவப்பு விளக்கு – மணிக்கு எழுபது பெட்டி. மத்தியானம் போய்க் கை நீட்டினேன். விசில் கொடுத்தார். சாயங்காலம் நூற்றுப் பதினெட்டு.

பச்சைத்தண்ணி!

மார்ச் 20, வியாழன்

மச்சானோடு நானும் ஆபீஸ் அறைக்குள் போனேன். கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர், பக்கத்தில் டைப் அடிக்கிற ஆள்.

"நீங்க யாரு?"

"மாமன்மா. அந்த டப்பால இருந்தது என்னுடையது."

டைப் அடிக்கிறவர் கையை நிறுத்திவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எது உங்களுடையது?"

"சிறுநீர்."

எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், நீல டின், நூற்றிருபது, முதுகு. ஸ்கூலில்கூட இவ்வளவு நேரம் நின்று ஒப்பித்ததில்லை.

"நிரூபிக்க முடியுமா?"

"டப்பா கொடுங்கம்மா, இப்பவே."

கொடுத்தார்கள். ஒரு காவலாளி கதவுக்கு வெளியே நின்றார். எனக்கு உடனே ஒன்றுக்கு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஏழு நிமிஷத்துக்கு நிச்சயம் மேலே. கம்பெனி எனக்காக முதல் தடவையாகக் காத்திருந்தது.

வெளியே மச்சான் அழுதான். நான் தோளைத் தட்டினேன். தட்டுகிற கை யாருடையதோ மாதிரி இருந்தது.

மார்ச் 24, திங்கள்

என்னுடையதும் அதுவும் ஒன்றே என்று முடிவு வந்துவிட்டது. அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மாத்திரையை வெளியில வாங்கினேன்னு எழுதிக் கொடுங்க. உங்க மச்சானோட டப்பா மாறிப்போச்சுன்னு நாங்க எழுதிக்கிறோம். அவர் வேலையும் வீடும் அப்படியே இருக்கும்."

"நான்?"

"நீங்க போகணும்."

"ரெண்டுமே பொய்யாச்சேம்மா."

"ரெண்டு பேருக்கும் பேசித் தீர்த்தாச்சுன்னு வெச்சுக்கோங்க."

டின்னைப் பற்றிக் கேட்டேன். எந்த டின் என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாதோ என்னவோ. தெரியாமல் இருப்பதற்குத்தான் மாடியில் ஆபீஸ் வைக்கிறார்கள்.

இந்தத் தடவை எல்லாப் பக்கத்தையும் படித்தேன். ஒரே பக்கம்தான். 'போதை மாத்திரைப் பழக்கம் உள்ளவன்' என்பதற்குக் கீழே என் கையெழுத்து, எனக்கே அழகாகத் தெரிந்தது. பொய் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. பழக்கம் உள்ளவன்தானே. வாங்கிய இடம் மட்டும்தான் பொய்.

ஏப்ரல் 2, புதன்

மகள் கூட்டிப்போன டாக்டர் சட்டென்று நிறுத்தக்கூடாது என்றார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற ஒரு அட்டவணை. மகள் கவுண்டர்க்காரி குரலில் "சாப்பாட்டுக்கு அப்புறம், பாதி" என்கிறாள். சரிங்க மேடம் என்கிறேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெண் குழந்தை. குவார்ட்டர்ஸ் வீட்டில் தொட்டில் கட்டியாயிற்று. மூக்கு என் வீட்டுக்காரி மூக்கு. பாவம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

லாண்டரியில் துணி மடிக்கிற வேலை. கம்பெனிக் கடிதத்தைக் கேட்காத ஒரே இடம். முதுகு வலிக்கிறது. நீராவி கையில் பட்டால் "ஸ்" என்று சத்தம் போடுகிறேன். நேற்று ரேடியோவில் சோப்பு விளம்பரம் கேட்டு அழுதேன். வீட்டுக்காரி டாக்டருக்கு ஃபோன் பண்ணட்டுமா என்றாள்.

மே 10, சனி

மச்சானை ஃபோர்க்லிஃப்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம், எதற்கும் இருக்கட்டும் என்று. பெட்டி கட்டுகிற பக்கம் போட்டிருக்கிறார்கள். என் மேஜை. மணிக்கு நூற்றி முப்பது. முதல் வாரமே ஒரு பெட்டியில் ரெண்டு வலதை வைத்து அனுப்பியிருக்கிறான்.

"உங்க ரெண்டு இடது வாங்கினவரைத் தேடிப் பிடிச்சா ஜோடி சேர்ந்துடும் மாமா" என்றான். நானும் சிரித்தேன்.

மே 25, ஞாயிறு

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மச்சானும் பெண்டாட்டியும் வந்தார்கள். நல்ல பேச்சு, நல்ல சாப்பாடு. நான்தான் பழம் நறுக்குவேன் என்று மச்சான் சமையலறையில் நின்றான். முதுகு எப்படி என்று கேட்டேன். "சூப்பர் மாமா, ஒண்ணுமே தெரியல" என்றான்.

நறுக்கி முடித்துவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டான். வெள்ளைத் துணியில் சிவப்பாக ஏதோ.

"ஐயோ, ரத்தம்!" என்று அவன் பெண்டாட்டி கத்தினாள்.

யாருக்கோ என்று அவனும் திரும்பிப் பார்த்தான்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவனைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு. "வலிக்கலையா?" என்றேன்.

"இல்லையே மாமா."

அவன் கையை என் கையில் வைத்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் எனக்குத்தான் சில்லென்று இருந்தது.