மதினியின் கழுத்து மரு

மதினி,

போன மாதம் ஒரு வியாழக்கிழமை உங்கள் மகள் செல்வி வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, நான் வேலை முடிந்து வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். காப்பி போடுகிறேன் என்றேன். "அதெல்லாம் பொறவு அத்தை" என்று சொல்லிவிட்டு, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் குனிந்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. கண்ணெதிரே இருந்தது உங்கள் கழுத்து.

அப்படியே உங்கள் கழுத்துத்தான் மதினி. மடிப்பில் அழுக்குப் படிந்தது போல ஒரு கறுப்பு, தேய்த்தால் போகாத கறுப்பு. அதன் மேல் மிளகைச் சிதறவிட்ட மாதிரி மருக்கள். ஒவ்வொன்றும் காம்பு வைத்துத் தொங்குகிறது. முப்பது வயதுதான் ஆகிறது பிள்ளைக்கு.

"கொழுந்தன் கல்யாணம் வருது அத்தை. போட்டோல அசிங்கமா இருக்கும். அம்மாவுக்குக் கட்டுன மாதிரி எனக்கும் நூல் கட்டி விடுங்க. ஒங்க கைக்குத்தான் பட்டுன்னு உதிரும்னு அம்மா சொல்லுவாகள்ல."

சொல்லுவீர்கள்தான். நம் பேண்டேஜ் கம்பெனி முழுக்க அதைச் சொல்லித் திரிந்ததே நீங்கள்தானே.

மடிப்பு மேஜையில் நீங்களும் நானும் எதிரும் புதிருமாகப் பதினாறு வருஷம் உட்கார்ந்திருந்தோம். வெளுத்து வருகிற துணியை வெட்டி, மடித்து, சுருட்டி, உறையில் போடுகிற வேலை. வேலை கைக்குத்தான், வாய் சும்மாதானே கிடக்கிறது என்று நான் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டே இருப்பேன். அதிகம் மாட்டியது நீங்கள். கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டேன். மதினியைக் கேலி பண்ண நாத்தனார் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

முதல் மரு வந்தபோது தாலிச் செயின் உரசுகிறது என்றீர்கள். செயினைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு போட்டீர்கள். அப்போதும் வந்தது. ஒருநாள் மத்தியானம் துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, எண்ணெய் தொட்டு, மருவின் காம்பில் சுற்றி இறுக்கினேன்.

"ஏட்டி, மெல்ல. இது கழுத்தா, கட்டுச்சோத்து மூட்டையா?"

"ஆடாம இருங்க மதினி. தலையும் சேந்து உதிந்துட்டா அண்ணனுக்கு யாரு பதில் சொல்லுறது?"

ஆறாம் நாள் அது கருகி உங்கள் டிபன் பாக்ஸ் மூடியில் விழுந்தது. நான் அதைக் காகிதத்தில் மடித்து வைத்து ஒப்பாரி பாடினேன். மேஜையே சிரித்து உருண்டது. அதற்கப்புறம் எத்தனை பேர் கழுத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள்!

உங்களுக்கு மட்டும் உதிர உதிர வந்துகொண்டே இருந்தது. காலையில் வெறும் வயிற்றோடு ஓடி வருவீர்கள். பத்து மணிக்குச் சீனி தூக்கலாக டீ, கூட ஒரு பன். மத்தியானம் குவித்து வைத்த வெள்ளைச் சோறு. நாலு மணிக்கு மறுபடியும் டீ, காகிதம் நிறையச் சேவு. ராத்திரி அலுப்பில் கடைப் பரோட்டா. நானும் அதையேதான் தின்றேன். உங்கள் உடம்பு தாங்கவில்லை.

"எம்புட்டுத் தின்னாலும் பசிக்குதுடி" என்பீர்கள்.

"உள்ள யாரக் குடி வச்சிருக்கீக? அவுகளுக்கும் ஒரு எலை போடுவோம்" என்பேன் நான்.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தீர்கள். அடிக்கடி எழுந்து கொல்லைப்பக்கம் போனீர்கள். அதற்கும் என்னிடம் ஒரு கேலி இருந்தது.

கம்பெனி முற்றத்தில் மருத்துவ முகாம் போட்டார்களே, அந்த நாளைத்தான் மதினி எழுத வந்தேன். நானே எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். இதை இன்னொருவரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது.

ரத்த அழுத்தம் பார்க்க உட்கார்ந்திருந்த அந்த நர்சம்மா உங்கள் முந்தானையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். "எம்புட்டு நாளா இருக்கு?" என்று கேட்டாள். "மரு எல்லாருக்குந்தான் வரும்மா. ஆனா கழுத்து இப்படிக் கறுத்து, மருவும் கூட்டமா வந்தா, ஒடம்புல சீனி ஏறிக்கிட்டு இருக்கலாம். காலையில வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுத்துருங்க" என்று சீட்டு எழுதித் தந்தாள். பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் நானும் கேட்டேன்.

மேஜைக்கு வந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு துண்டுத் துணியை எடுத்துத் தலையில் நர்சுத் தொப்பி மாதிரிக் கட்டிக்கொண்டேன். உங்கள் சடையைத் தூக்கிப் பிடித்தேன். "அடடா, இது கழுத்தா, மிளகுக் கொடியா? ஒங்களுக்கு வந்திருக்கது மிளகு வியாதிம்மா. நாளைக்கு வெறும் வயித்தோட வந்து எல்லாருக்கும் ரசம் வச்சுக் குடுங்க!"

மேஜை அதிர்ந்தது. எல்லாரையும் விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும் அந்தச் சீட்டை நாலாக மடித்துக் கழிவுத் துணிக் கூடையில் போட்டீர்கள்.

"எனக்கு ஒரு கேடும் இல்லைடி. மிச்சத்தையும் இன்னைக்கே கட்டி விட்ரு. இல்லாட்டி ஊரே என்னைய மிளகுங்கும்."

அன்றைக்கு நாலு கட்டினேன். ஒரே வாரத்தில் மருவெல்லாம் உதிர்ந்துவிட்டது. அப்புறம் உங்கள் கழுத்தை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். உச்சி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தீர்கள். நான் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினேன், நீங்கள் நிதானமாக வந்தீர்கள். "ஒங்களுக்கு ஆனைக் காலா மதினி, சூடே ஒறைக்கலையே" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் குதிகால் முழுக்கக் கொப்புளம். உங்களுக்குத் தெரியவே இல்லை.

அது ஆறவில்லை. நாம் சுருட்டிய துணியைத்தான் ஆஸ்பத்திரியில் சுற்றினார்கள். துணி மாற மாற நாற்றம் கூடியது. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை. மதுரைக்குக் கொண்டு போனபோது டாக்டர் செல்வியைப் பார்த்துக் கேட்டார், "இதுக்கு முன்னாடி சுகர் பாக்கச் சொல்லி யாருமே சொல்லலையாம்மா?"

"இல்ல சார். யாரும் சொல்லல" என்றாள் அவள்.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். ஊரை வம்புக்கு இழுத்த இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் உங்களை உயிரில்லாமல் தூக்கி வந்தோம்.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை செல்வி குனிந்தபோது, "கட்ட மாட்டேன். மொதல்ல போயி சுகர் பாரு" என்றேன்.

அவள் குனிந்தபடியே சிரித்தாள். "ஒங்களுக்கு விளையாட்டே போகாது அத்தை."

"விளையாடலைடி, நெசமாத்தான் சொல்லுதேன்."

"எப்பவும் இப்படித்தான் மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவீக. செத்த நேரத்துல கெக்கெக்கேன்னு சிரிப்பீக. நூல எடுங்க, எனக்குப் பஸ்சு போயிரும்."

மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்ததால் அவளுக்கு அது கேலியாகவே கேட்டது. நான் சொல்வது அவள் காதில் ஏற வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது. முகாமையும் சீட்டையும் சொன்னேன். தொப்பி கட்டி ஆடியதையும், என்ன சொல்லி ஆடினேன் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் கொண்டையை விட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா சிரிச்சாகளா?"

"சிரிச்சாக. எல்லாரையும் விட."

கலைந்த கொண்டையை அள்ளி முடிந்தாள். பிறகு, "மதுரையில டாக்டர் கேக்கும்போது நீங்க எம்பக்கத்துல நின்னீக" என்றாள்.

"நின்னேன்."

முந்தானையால் கழுத்து எண்ணெயைத் துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, "திங்கக்கெழமை எங்கூரு ஆசுபத்திரியில ரத்தம் குடுக்கேன்" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு முதல் பஸ் ஏறினேன். கூப்பிடாமல்தான் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் அவள் வரிசையில் நின்றாள். நான் சுவரோரம் போய் நின்றுகொண்டேன். என்னைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் அந்தப் பெஞ்சில் எங்களுக்கு நடுவே யார் யாரோ வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

உள்ளே கூப்பிட்டபோது நானும் வாசல்வரை போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். "சுகர் இருக்கும்மா" என்றாள். "ஆனா சீக்கிரமே வந்துட்டீங்க. சோத்தக் கொறச்சுக் காய்கறியக் கூட்டணும். டீயில சீனி கூடாது. நடக்கணும், மாத்திரை போடணும். கால்ல புண்ணு வராமத் தெனமும் பாத்துக்கணும். புடிச்சு நிறுத்திரலாம்." செல்வி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். விரல் மட்டும் பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். "இவங்க யாரு, உங்க சொந்தமா?"

செல்வி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்ல மேடம். எங்க அம்மா கூட வேல பாத்தவுக."

பால் குடிக்கிற வயசிலிருந்து என் இடுப்பில் கிடந்த பிள்ளை மதினி. என்னை அத்தை என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது மேஜையில் உட்கார்ந்தாலும், பஸ்ஸில் போனாலும், அவள் அங்கே சொன்ன அந்த வார்த்தைதான் காதுக்குள் கிடக்கிறது. தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லையே. உங்களோடு வேலை பார்த்தவள்தானே நான்.

மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். உங்கள் மகள் பிழைத்துக்கொள்வாள். அது போதும் என்று உங்களிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். போதவில்லை மதினி.