கிளட்ச் எனக்கு, கியர் உனக்கு

மச்சான்,

நேற்று மதியம் மில்லில் நெல் லோடு ஏற்றிய லாரி ஒன்று சரிவுமேடையில் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் புது ஆள். கிளட்சைப் பாதி மிதித்தும் மிதிக்காமலும் வண்டியை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் கிளட்ச் பிளேட் கருகும் வாசனை களம் முழுக்கப் பரவியது. சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் அந்த வாசனைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். "பிளேட் கருகுனா, ஓட்டுறவன் பயந்திருக்கான்னு அர்த்தம்" என்பாய். முதல் மூன்று மாதம் என் சிவப்பு வண்டியில் அந்த வாசனை வராத நாளே கிடையாது. பக்கத்து சீட்டில் இருந்தபடி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே பார்ப்பாய்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல அந்த வண்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கல்லூரியில் நாம் 'டா' போட்டுப் பேசியவர்கள். உன் தங்கையை நான் கட்டியதும் நீ வேறு ஆளாகிவிட்டாய். வீட்டில் எல்லோர் முன்னாலும் "வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள". காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் மட்டும் பழையபடி "ஓட்டுடா". நம் இரண்டு பேரில் நன்றாக ஓட்டுகிறவன் நீதான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அறுவடை மெஷினோ ஜீப்போ எதுவானாலும், ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் உனக்குப் பழகிவிடும்.

அந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் டிராக்டர் கவிழ்ந்து உன் இடது கணுக்கால் நொறுங்கியது. தகடு வைத்துச் சேர்த்தார்கள். எட்டு மாதத்தில் நடந்துவிட்டாய். ஆனால் பாதம் மடங்கவில்லை. நடக்கலாம், படி ஏறலாம், கிளட்ச் மட்டும் மிதிக்க முடியாது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜீப்பை விற்றுவிட்டு, எங்கே போனாலும் யாராவது ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனாய்.

அடுத்த வருஷம் நான் அந்தப் பெரிய கறுப்பு வண்டியை வாங்கினேன். ஆட்டோமேட்டிக். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிற பவர். ஆசைப்பட்டு வாங்கியதாக ஊரெல்லாம் சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 'டிராக் டே'க்குப் போக ஆரம்பித்தோம். மில்லில் கணக்குப்பிள்ளை இதை ரேஸ் என்றே கடைசி வரைக்கும் நம்பினார். ரேஸ் இல்லை, சொந்த வண்டியைக் கொண்டுபோய், மாடும் பஸ்ஸும் குறுக்கே வராத வளைவு ரோட்டில் ஹெல்மெட் போட்டு இருபது நிமிஷம் இருபது நிமிஷமாக ஓட்டிப் பார்ப்பது, யாருக்கும் பரிசு கிடையாது என்று எத்தனை தடவை விளக்கினோம்! "அப்ப எதுக்கு சார் சென்னை வரைக்கும்?" என்பார். முதல் சுற்று நீ ஓட்டுவாய், அடுத்தது நான். வலது கால் ஒன்றே போதும் என்பதால் அந்த வண்டியில் நீ பழைய ஆளாகிவிடுவாய். ஹெல்மெட்டைக் கழற்றும்போது உன் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் காலை தூறல் விட்டிருந்தது. நான் ஓட்டுகிறேன், நீ பக்கத்தில். நீளமான நேர் ரோடு முடிந்து வலதுபக்கம் திரும்புகிற இடத்தில் வண்டி என் கையில் இல்லாமல் போனது. இரண்டு சுற்று சுற்றிப் புல்வெளியில் போய் நின்றது. ஒரு கீறல் இல்லை. மஞ்சள் கொடி ஆட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டு என்னிடம் கேட்டாய்.

"நீ எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியுதா?"

"தெரியலடா. திடீர்னு போயிடுச்சு."

"திடீர்னு எதுவும் போகாது. நாலு வளைவா நீ தப்பாதான் போட்டுட்டு வர்ற. வண்டில இருக்கிற கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணா திருத்திட்டே வந்துச்சு. அஞ்சாவதுல அதால முடியல."

அன்று மதியம் சாப்பாட்டின்போது, இதை விற்றுவிட்டுப் பவர் குறைந்த சின்ன வண்டி ஒன்று வாங்கு என்றாய். கியர் போட்டு ஓட்டுகிற வண்டி. தப்புச் செய்தால் அப்போதே உதைக்கிற வண்டி. நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "அப்ப நீ எப்படி ஓட்டுவே?"

உன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எனக்காகவா இத வாங்கினே?"

திரும்பி வரும்போது விக்கிரவாண்டியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "நான் பாவம்னு யாரும் நினைக்கக் கூடாதுன்னுதான்டா ஜீப்பை வித்தேன். நீயே நினைச்சிருக்கே" என்றாய். உன் கண் கலங்கி நான் பார்த்தது அது ஒருமுறைதான்.

அதற்கப்புறம் நீ சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் மூடி போட்டுக் கிடந்த அந்தச் சிவப்பு வண்டியைக் கண்டுபிடித்தவன் நீ. இரண்டே சீட்டு, இரண்டே கதவு, வயது பத்து, பவர் பழையதில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய வண்டி போய் இது வாசலில் நின்ற அன்று உன் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மில்லுல ஏதாவது நஷ்டமாங்க? என்கிட்ட சொல்லுங்க" என்று கேட்டாள். அரிசி மண்டிக்காரர் ஒருவர் மனசு நொந்து எனக்கு ஆறுதலே சொல்லிவிட்டுப் போனார்.

காயப்போட்ட நெல்லை வாரிய பிறகு காலியாகக் கிடக்கிற சிமென்ட் களத்தில் வாளிகளைக் கவிழ்த்து வைத்து எனக்குப் பழக்கினாய். இடது காலால் கிளட்சை மிதித்து, வலது குதிகாலால் ஆக்சிலேட்டரைத் தட்டிக்கொண்டே அதே கால் விரலால் பிரேக்கை மிதிக்கிற வித்தையை, உன்னால் செய்துகாட்ட முடியாத வித்தையை, சேரில் உட்கார்ந்து வாயாலேயே சொல்லிக் கொடுத்தாய். எத்தனை வாளி நசுங்கியது!

முதல் தடவை அந்த வண்டியை டிராக்குக்குக் கொண்டுபோன அன்று வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நேர் ரோட்டில் அதற்கு மூச்சே கிடையாது. வளைவுக்கு நூறு அடி முன்னாலிருந்தே யோசிக்க வேண்டும். எங்கே பிரேக், எந்த கியர், எங்கே விடுவது. ஒரு இடத்தில் தவறவிட்ட வேகம் அடுத்த அரை சுற்றுக்குத் திரும்பி வராது. மூன்றாவது சுற்றில் அதே வலது வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தேன். பிடித்தது நான்தான், வேறு யாரும் இல்லை. பக்கத்தில் நீ தொடையில் தட்டி, ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தாய்.

ஆனால் அன்று எனக்கு மறக்காமல் இருப்பது டிராக் இல்லை. திரும்பி வந்து மெயின் ரோட்டை விட்டிறங்கி, ஆற்றங்கரை ரோட்டில் வரும்போது, உன் வலது கை வந்து கியர் ராடின் மேல் உட்கார்ந்தது. "ம்" என்றாய். எனக்குப் புரியவில்லை. "ம்-னா கிளட்ச்சை மிதி. கியரை நான் பார்த்துக்கறேன்." என்ஜின் சத்தத்தைக் கேட்டு நீ "ம்" என்பாய். நான் மிதிப்பேன். நீ மூன்றிலிருந்து நான்குக்குத் தள்ளுவாய். முதலில் கர்ரென்று இழுத்தது. ஊர் வருவதற்குள் "ம்" தேவைப்படவில்லை. உன் மணிக்கட்டு அசைவதைப் பார்த்தே என் கால் இறங்கியது. நான்கு வருஷத்துக்குப் பிறகு நீ கியர் வண்டி ஓட்டினாய் மச்சான். பாதி வண்டி நீ, பாதி நான். அதற்கப்புறம் ஆள் இல்லாத ரோடு கிடைத்தால் நாம் அப்படித்தான் போனோம்.

அந்த ஆவணி மாதக் காலை, அறுவடை மெஷினுக்கு பெல்ட் வாங்கத் தஞ்சாவூர் போக வேண்டும் என்று கூப்பிட்டாய். நான் மில்லிலிருந்து வந்து உன் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டேன். வேர்த்திருந்தாய். புழுக்கம் என்றாய். நீடாமங்கலம் தாண்டும் வரைக்கும் பெல்ட் சைஸ் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவன், திடீரென்று சீட்டைப் பின்னால் சாய்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். திரும்பித் திருவாரூர் போவதா, முன்னால் போவதா? தஞ்சாவூர்தான் பக்கம் என்று முடிவு செய்து மிதித்தேன். நீ ஏதோ சொன்னாய், நான் தலையாட்டினேன். அப்புறம் பழக்கத்தில் உன் கை கியர் ராடுக்கு வந்தது. இரண்டு முறை மாற்றினாய். அம்மாப்பேட்டைக்குப் பிறகு உன் கை அங்கேயே இருந்தது, ஆனால் தள்ளவில்லை. உன் கைமேல் என் கையை வைத்து நான் மாற்றினேன். எதிரே நெல் டிராக்டர், பஸ், மறுபடி டிராக்டர். ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. மூடியிருந்தால் எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் உன்னை இறக்கியபோது மூச்சு இருந்தது. அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். "விடியறப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும். பத்து நிமிஷம் முன்னப்பின்ன வந்ததுல எதுவும் மாறியிருக்காது" என்றார்.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தப் பெரிய வண்டி இருந்திருந்தா சீக்கிரம் போயிருப்பீங்கல்ல அண்ணா? எதுக்கு அதை வித்தீங்க?"

டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சொல்ல முடியாததற்குக் காரணம் உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வண்டிச் சத்தம் தெருவில் கேட்டால் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆகவே உன் வீட்டுக்கு நான் மோட்டார் சைக்கிளில் போவேன். எப்போதாவது இந்த வண்டியில் போக நேர்ந்தால் அடுத்த தெரு முனையில் விட்டுவிட்டு நடந்து போவேன். டிராக் பக்கமே போகவில்லை. கூட்டலும் கழித்தலுமாக மனசுக்குள் ஒரே கேள்விதான். அந்த ரோட்டில் அந்தப் பெரிய வண்டியாலும் டிராக்டரைத் தாண்டிப் போயிருக்க முடியாது என்று பகலில் தெரியும். படுத்தால் தெரியாது.

ஒன்றரை வருஷம் ஆனது. உன் தங்கைதான் போன மாதம் வண்டி மேலிருந்த மூடியை உருவிப் போட்டாள். "எங்கண்ணன் தேடிப் பிடிச்ச வண்டி. துருப்பிடிக்கவா வச்சிருக்கீங்க? போயிட்டு வாங்க" என்றாள். போனேன். டிராக்கில் பக்கத்து சீட்டு காலி. வேகமாகவெல்லாம் ஓட்டவில்லை. பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் கை காட்டி வழி விட்டேன். ஆனால் இருபது நிமிஷமும் வேறு எந்த நினைப்பும் இல்லாமல் இருந்தேன். ஒன்றரை வருஷத்தில் எனக்கு முதல் இருபது நிமிஷம் அது.

மறுநாள் மயிலாடுதுறை வழியாகத் திரும்பினேன். உன் பையனுக்குக் கல்லூரி விண்ணப்பத்தில் என் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் வண்டி நிறுத்துகிற தெரு முனையில் யாரோ வீடு கட்ட மணல் கொட்டி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் உன் வாசலுக்கே போய் நிறுத்தினேன். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். சாத்தவில்லை. தங்கச்சி வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, நீ உட்கார்கிற பக்கத்துக் கதவருகே நின்றாள்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு விடியக்காலையிலயே நெஞ்சு அடைக்குதுன்னார். வாயுவா இருக்கும்னு ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சுட்டு சரியாயிடுச்சுன்னார். நான் நம்பிட்டேன். நான்தாண்ணா... உங்க மேல பழியப் போட்டுட்டு நான் இருந்துட்டேன்."

நின்றபடியே அழுதாள். சத்தம் இல்லை.

மச்சான், நீடாமங்கலம் தாண்டி நீ என்னிடம் சொன்னது இதுதான்: "காலையில அஞ்சு மணியிலேர்ந்து வலிடா. ஓமத்தண்ணிக்கெல்லாம் கேக்கல. அவ பயந்துடுவான்னு சரியாயிடுச்சுன்னு பொய் சொல்லிட்டேன். நீ அவகிட்ட சொல்லிடாதே." நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைக் காப்பாற்றத்தான் உன் கூடத்தில் வாய் திறக்காமல் நின்றேன். விடியலில் இருந்தே உனக்கு வலி என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அவளுக்கு முதலிலேயே தெரியும் என்று எனக்குத் தெரியாது. நீ பொய் சொன்னாய் என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

சொல்லிவிட்டேன். நீ சொன்ன வார்த்தைகளை அப்படியே, ஒன்று விடாமல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டயே பொய் சொல்லியிருக்கார் பாருங்கண்ணா" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஒன்றரை வருஷமாகத் தன்மேலேயே வைத்திருந்த கோபத்தை உன் பக்கம் திருப்பிவிட்டாள். உனக்கு வலிக்காது, அவளுக்கு இனிமேல் கொஞ்சம் லேசாக இருக்கும். அப்புறம், "உள்ள வாங்க, காபி போடுறேன். வண்டி இங்கேயே நிக்கட்டும்" என்றாள்.

உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன் மச்சான். அதை உனக்குத் தெரிவிக்கத்தான் இத்தனையும் எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நீ என்னிடம் விட்டுப்போனதில் நான் இன்னும் வைத்திருப்பது இந்தச் சின்ன வண்டியும், அது கற்றுக்கொடுத்த ஒரு பழக்கமும்தான்: தப்பு எங்கே ஆரம்பித்தது என்று நாலு வளைவு பின்னால் போய்ப் பார்ப்பது. பார்த்தேன். உன் பொய் இருந்தது, அவள் ஓமத்தண்ணி இருந்தது, என் தலையாட்டல் இருந்தது. மூன்றுமே ஏதோ ஒரு பயத்தில் செய்தவை.

உன்
மாப்பிள்ளை